பி.பி. கால்

மூன்று மாதமாக
என்னைப் பற்றி என் தலைக்கு மேலே பேசிக்கொள்கிறார்கள்.
"தூங்குதாங்களா?" டாக்டர், செல்வினைப் பார்த்து.
"ரெண்டு மணிக்கே முழிச்சிருதாங்க."
"சாப்பாடு?"
"ரெண்டு இட்லி. அதும் பியூலா பக்கத்துல நின்னாத்தான்."
மேசையில் ஒரு கண்ணாடிக் குண்டு, உள்ளே பிளாஸ்டிக் மீன்.
அந்த மீனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
"பாருங்க, கேட்டா பதிலே இல்ல" என்றான்.
யார் கேட்டா?

அம்பாசமுத்திரம் எக்ஸ்சேஞ்சில் இருபத்தாறு வருஷம்
மற்றவர்கள் பேச்சுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தவள் நான்.
ஐப்பசியில் கம்பி நனைந்தால்
கல்லிடைக்குறிச்சி அப்பளக் கணக்கு
வீரவநல்லூர் கல்யாணப் பேச்சுக்குள் புகுந்துவிடும்.
பிரித்துவிடத் தெரியும் எனக்கு.
காதில் விழுந்ததை வெளியே விடாதிருக்கவும்.
அந்தப் பழக்கத்துக்குத்தான் இப்போது நோய் என்று எழுதுகிறார்களோ
என்றுகூட ஒருநாள் நினைத்தேன்.
இல்லை. இது வேறே.
ரிசீவரை எடுத்தால் டோன் இல்லை.
கம்பி அறுந்திருக்காது, பில் பாக்கி இருக்காது,
காதில் வைத்தால் வெறும் பஞ்சு.

பிறகு காலைக் காபி கசக்கத் தொடங்கியது.
முதல் நாள் பில்டரைக் குறை சொன்னேன்.
மறுநாள் டம்ளரின் அடியில்
விரலில் ஒட்டிய சுண்ணாம்பு போல் வெள்ளை.
அதற்கடுத்த நாள் அடுக்களையில் பியூலா
கரண்டி முதுகால் எதையோ நசுக்குகிறாள்.
டக். டக். கதவைத் திரும்பிப் பார்த்து ஒரு டக்.
பதினொரு நாள் குடித்தேன்,
அவள் முகத்திலிருந்த பயத்துக்காக.
அது நல்ல காரணமா தெரியவில்லை.

டிரங்க் கால் காலத்தில் பி.பி. என்று ஒன்று உண்டு.
பேர் சொல்லிக் கேட்பது.
தம்பி எடுத்தால் ஆகாது, தாய்மாமன் எடுத்தால் ஆகாது,
அந்த ஆளே வந்து "நான்தான்" என்ற பிறகுதான்
மூணு நிமிஷம் ஓட ஆரம்பிக்கும்.
அந்தச் செவ்வாய்க்கிழமை பாளையங்கோட்டையில்
டாக்டர் ஹமீதா "இப்ப எப்படி இருக்காங்க?" என்றபோது
எனக்கு முன்னால் என் குரல் எழுந்து போயிற்று:
"சாந்தக்கனி பேசுதேன்."

செல்வின் வாயைத் திறந்தான்.
இரண்டு விரலைக் காட்டினேன், பிளக்கைப் பிடுங்குகிற மாதிரி.
"காபில மாத்திரை வருது, எனக்குத் தெரியும்.
அது என்னது, எத்தனை நாளைக்கு, விட்டா என்ன ஆவும்,
எங்கிட்ட சொல்லுங்க. அவனுக்கு அப்புறம்."
"நீ வேண்டாம்பேன்னுதாம்மா..."
"கேட்டியால நீ?"
அவன் காது சிவந்தது.

டாக்டர் நாற்காலியை என் பக்கம் திருப்பினார்.
ஒரு சக்கரம் வர மறுத்து முனகியது.
"காபில குடுக்கது எனக்குத் தெரியாதும்மா.
ஆனா உங்களக் கேக்காம எழுதினது நான்தான்."

இருபத்திரண்டு நிமிஷம்.
டோக்கன் வைத்திருந்தவர்கள் கதவைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார்கள்.
வெள்ளை மாத்திரை சரி. நானே போடுவேன்,
காபி காபியாக வரட்டும்.
ராத்திரி மாத்திரை வேண்டாம்,
அதைப் போட்டுவிட்டு ஒன்றுக்குப் போக எழுந்தால்
சுவர் நகருகிறது, பிடி கிடைக்கவில்லை.
"இத ஏன் முதல்லயே சொல்லல?" என்று கேட்கவந்தவர்
பாதியில் நிறுத்திக்கொண்டார்.
வியாழக்கிழமைகளில் உட்கார்ந்து பேச ஒரு பெண் வருகிறாளாம்.
யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.
"யோசிங்க" என்றார்.
அந்தச் சொல் என் கைக்கு வந்து எத்தனை நாளாயிற்று.

டோன் வந்துவிட்டது என்று சொல்லமாட்டேன்.
லைன்மேன் தூணில் ஏணியைச் சாத்தியிருக்கிறான், அவ்வளவுதான்.

பஸ்ஸில் பத்தமடை தாண்டும்வரை செல்வின் பேசவில்லை.
சேரன்மகாதேவியில் ஆள் இறங்க, சீட்டு காலியாக,
"ஜன்னல் பக்கம் வாறியாம்மா?" என்றான்.
கேட்டுவிட்டு, காத்திருந்தான்.
யோசித்தேன்.
வேண்டாம் என்றேன். அந்தப் பக்கம் வெயில்.